பட்டையும் இலையும்

மாரி தொடங்கியதும் கல்முனை தொட்டு அக்கரைப்பற்று வரையிலான நம் கரையோர ஊர்களில், சிரட்டையிலும் வடிகானிலும் நீர் தேங்குகிறது, நுளம்பு பெருகுகிறது, வகுப்பறை வாங்குகள் வெறுமையாகின்றன. 2017இல் மட்டும் இலங்கையில் 1,86,000 பேருக்கு மேல் டெங்கு நோயாளராகப் பதியப்பட்டனர். "புகையிலைச் செடியில் தடுப்பூசி செய்யலாமா?" என்று அண்மையில் மாணவனொருவன் வினவினான். அவ்வினாவுக்கு விஞ்ஞானம் பாதி விடைதான் தரும். மறுபாதி நமது வரலாற்றில் உண்டு.

நுளம்பு நோய்க்குச் செடியை நாடுவது புதிதன்று. அந்தீஸ் மலைகளின் சிங்கோனா மரப்பட்டையிலிருந்தே மலேரியாவுக்குரிய கொயினா கிடைத்தது. பிரித்தானியர் 1861இல் ஹக்கலையில் அதனைப் பயிரிட்டனர். கோப்பியை நோய் அழித்தபின் தோட்டத்துரைமார் சிங்கோனாவுக்குத் தாவினர். 1880களில் இலங்கைப் பட்டை உலகச் சந்தையில் குவிந்தது, விலை சரிந்தது. உடனே மரங்களைப் பிடுங்கித் தேயிலையை நட்டனர். மரத்தின் பயன் மாறவில்லை. மாறியது இலாபக் கணக்கே. கொயினாச் சந்தையோ ஒல்லாந்தரின் ஜாவாத் தோட்டங்களின் பிடிக்குள் சென்றது.

1934இல் மழை பொய்த்தது. வற்றிய ஆறுகளின் குட்டைகளில் நுளம்பு பெருகிற்று. கேகாலை, குருநாகல் பகுதிகளில் மலேரியா பரவி, ஏறத்தாழ 80,000 உயிர்களைப் பறித்தது. ஒருகாலத்தில் கப்பல் கப்பலாகப் பட்டையை ஏற்றிய நாடு, கொயினாவை இறக்குமதி செய்து காத்திருந்தது. பசியால் நலிந்திருந்த ஏழை உழவரே பெரும்பாலும் மாண்டனர். பூவரசம்பூவைச் சின்னமாகக் கொண்ட சூரியமல் இயக்கத்தார் மருந்தும் உணவுமாகக் கிராமந்தோறும் சென்றதை நம் இடதுசாரி வரலாறு மறவாது.

இன்று இலையின் முறை. புகையிலையின் அவுஸ்திரேலிய உறவான நிக்கோட்டியானா பெந்தாமியானாச் செடியினுள், கிருமியின் புரதத்துக்குரிய மரபணுவை ஒருவகை மண் பக்டீரியாவின் துணையுடன் செலுத்துகின்றனர். சில நாட்களில் இலை அப்புரதத்தை ஆக்குகிறது; அதைப் பிரித்துத் தூய்மையாக்கினால் தடுப்பூசிக்கு மூலம் கிடைக்கும். இம்முறையில் ஆக்கிய மலேரியாத் தடுப்பூசியொன்று மனிதரிடம் முதற்கட்டமாகச் சோதிக்கப்பட்டது. கொவிட் நோய்க்கெதிராக மெடிகாகோ நிறுவனம் செய்த தடுப்பூசியைக் கனடா 2022 பெப்ரவரியில் அங்கீகரித்தது. ஓராண்டுக்குள் தாய் நிறுவனம் மெடிகாகோவை மூட முடிவுசெய்தது. செடி பொய்க்கவில்லை, சந்தைதான் கைவிட்டது. சிங்கோனாவின் கதையன்றோ இது!

மாற்றுவழி உண்டு என்பதற்கு நம் நாடே சான்று. 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. அதனைச் சாதித்தது இலவச மருத்துவமும், ஊரூராய்ச் சென்று இரத்தம் சோதித்த பொதுச் சுகாதார ஊழியரின் உழைப்புமாகும்.

ஆகவே அம்மாணவனுக்கு யான் சொன்ன விடை இதுவே: செடியில் மருந்து விளையும், ஆனால் அச்செடி எவர் தோட்டத்தில் நிற்கிறது என்பதையும் கேள். விஞ்ஞானம் மக்கள் உடைமையாகும்போதுதான் இலையின் பயன் சாய்ந்தமருதின் மீனவர் குடிசைக்கும் வந்துசேரும்.