புத்தகத்தைப் படித்தே தமிழ்ச் சொல் சேர்த்த சீகன்பால்கு

மணப்பட்டுக் கடற்கரையிலிருந்து அதே கரையோரமாகத் தெற்கே போனால் கடலூர், பரங்கிப்பேட்டை, பூம்புகார் எல்லாம் தாண்டி தரங்கம்பாடி வரும். அங்கே அன்று டேனிஷ்காரர்களின் கோட்டையும் வியாபாரமும் இருந்தன. 1706ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் தேதி இரண்டு ஜெர்மானியப் பாதிரியார்கள் அங்கே கப்பலில் வந்து இறங்கினார்கள். ஒருவர் புளுட்சோ. இன்னொருவர் பார்த்தலோமேயு சீகன்பால்கு. அப்போது சீகன்பால்குவுக்கு வயது வெறும் 23!

வந்தவர்களுக்குத் தமிழில் ஒரு வார்த்தை கூடத் தெரியாது. துறைமுகத்தில் வெள்ளைக்காரர்களுடன் பேசுவதற்குப் போர்த்துகீசியம்தான் பொதுமொழி. புளுட்சோ பெரும்பாலும் அதிலேயே நின்றுவிட்டார். சீகன்பால்கு தமிழ் படிக்க முடிவு செய்தார். ஒரு வயதான திண்ணைப் பள்ளி வாத்தியாரைப் பிள்ளைகளோடு தன் வீட்டுக்கே வரவழைத்து, அந்தச் சிறுவர்களோடு தானும் உட்கார்ந்து மணலில் விரலால் எழுத்து எழுதிப் பழகினார். எழுத்து சீக்கிரம் வந்துவிட்டது, ஆனால் பொருள்? வாத்தியாருக்கு எந்த ஐரோப்பிய மொழியும் தெரியாதே! பிறகு பல ஐரோப்பிய மொழிகள் தெரிந்த அழகப்பன் என்ற துபாஷியைத் துணைக்கு வைத்துக்கொண்டார்.

சரி, துபாஷி சொல்லச் சொல்ல ஒரு பட்டியல் எழுதி மனப்பாடம் செய்தால் போதாதா? போதாது. "படி" என்ற ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். "இந்தச் சுவடியைப் படி" என்றால் வாசி என்று பொருள். "இந்தச் சுவடிக்கு ஒரு படி எடு" என்றால் நகல். அரிசிக் கடைக்குப் போனால் அது அளவு, கோயில் வாசலில் அது படிக்கட்டு. "நூல்" என்பதும் அப்படித்தான், தறியில் ஒன்று, ஏட்டில் ஒன்று. தனிச் சொல்லாகப் பார்க்கும் வெளிநாட்டுக்காரன் திணறித்தான் போவான். வாக்கியத்தில் வைத்துப் பார்த்தால் குழப்பமே இல்லை.

சீகன்பால்குவுக்கு அந்த வாக்கியங்கள் கிடைத்த இடம் ஓலைச்சுவடிகள். 1708ல் எழுதிய கடிதத்தில் தன் தினசரி வேலையை அவர் விவரித்திருக்கிறார். காலை 7 மணி முதல் 8 வரை, ஏற்கனவே எழுதி வைத்த சொற்களையும் தொடர்களையும் திரும்பப் படிப்பார். 8 முதல் 12 வரை அதுவரை படிக்காத புதுச் சுவடி. பக்கத்தில் ஒரு வயதான புலவரும் ஒரு எழுத்தரும் இருப்பார்கள். புலவர் பொருள் சொல்வார். புதுச் சொல்லோ புதுத் தொடரோ வந்தால் எழுத்தர் உடனே குறித்துக்கொள்வார். மாலையில் மறுபடியும் வாசிப்பு. இரவில் கண் வலிக்கும் என்பதால் வேறொருவர் படிக்க அவர் கேட்பார். யாருடைய நடையைப் பேச்சிலும் எழுத்திலும் பின்பற்ற நினைத்தாரோ, அந்த ஆசிரியரைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொல்வாராம். நம்மில் எத்தனை பேர் பாடப்புத்தகத்தையே இரண்டாம் முறை திறக்கிறோம்?

இந்த உழைப்பில் இரண்டு வருடத்தில் சுமார் 20,000 சொற்கள் கொண்ட அகராதி உருவானது. கணக்குப் பேரேடு மாதிரி மூன்று பத்திகள்: முதலில் தமிழ் எழுத்தில் சொல், அடுத்து உச்சரிப்பு, கடைசியில் ஜெர்மன் பொருள். 1712க்குள் அது சுமார் 40,000 சொற்களாக வளர்ந்தது. செய்யுள் சொற்களுக்கென்று தனியாக இன்னொரு அகராதியும் செய்தார்.

சுவடிகள் சுலபமாகக் கிடைக்கவில்லை. ஊர் ஊராக ஆள் அனுப்பி, இறந்துபோன பிராமணர்களின் மனைவியரிடமிருந்து கூட வாங்கினார். சேர்ந்த சுவடிகளுக்கு 1708ல் ஒரு பட்டியல் எழுதினார். தமிழரின் நூல்கள் மட்டும் அதில் 119. வெறும் பெயர்ப் பட்டியல் அல்ல, ஒவ்வொரு நூலும் எதைப் பற்றியது என்று குறிப்பும் எழுதினார். அதே வருடம் நம் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் படித்த கொன்றை வேந்தன், உலகநீதி ஆகியவற்றோடு நீதிவெண்பாவையும் ஜெர்மனில் மொழிபெயர்த்தார்.

இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது. அவர் வந்தது மதம் மாற்றுவதற்கு. கடைசி வரை அந்த நோக்கத்தை அவர் விடவில்லை. ஆனால் சொல் தேடி எந்த நூல்களைப் படித்தாரோ, அவற்றில் பெரும்பாலானவை அவர் மறுக்க வந்த மதத்தவரின் நூல்கள். தமிழர் நாகரிகமற்றவர்கள் என்ற ஐரோப்பியரின் எண்ணம் தவறு என்று அவரே எழுதும்படி அந்த வாசிப்பு செய்தது. தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி 1713ல் ஒரு பெரிய நூலை எழுதி ஜெர்மனிக்கு அனுப்பினார். ஹாலே நகரில் இருந்த பிராங்கேக்கு அது பிடிக்கவில்லை. அந்த மதத்தை ஒழிக்க அனுப்பிய ஆள் அதை ஐரோப்பாவில் பரப்புவதா என்பது அவர் எண்ணம். நூல் அச்சேறாமல் கிடந்தது.

1716ல் ஹாலேயில் லத்தீனில் வெளிவந்த தமிழ் இலக்கண நூலைச் சீகன்பால்கு கண்ணால் பார்த்தார். 1719ல், 36 வயதில் தரங்கம்பாடியிலேயே இறந்தார். தெய்வங்களைப் பற்றிய நூல் 1867ல்தான் சென்னையில் அச்சானது. சுவடிப் பட்டியல் 1880ல் வந்தது. உலகநீதி மொழிபெயர்ப்போ 1930 வரை காத்திருந்து ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்தது. அவ்வளவு பாடுபட்டுச் சேர்த்த அந்த 40,000 சொல் அகராதி அச்சுக்கே போகவில்லை. இடையில் 1855லும் 1862லும், இதே கடற்கரையில் புதுச்சேரி மிஷன் அச்சகம் முசே, துப்புய் என்ற இரண்டு பாதிரியார்களின் தமிழ்-பிரெஞ்சு அகராதியை இரண்டு பாகங்களாக அச்சிட்டு முடித்திருந்தது.