லேலண்டா, டாட்டாவா?

நம்ம நசரத்பேட்டை பெங்களூர் ரோட்டு மேலயே இருக்கிற ஊர். ஒத்த லாரி வாங்கித் தானே ஓட்டுறவருக்கு அந்தக் காலத்துல இருந்த கேள்வி ஒண்ணுதான்: லேலண்டா, டாட்டாவா?

1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் 1955-ல் அசோக் லேலண்டு ஆனது. நம்ம எண்ணூர் வண்டி. டாட்டா 1954-ல் பென்ஸ்காரங்களோட சேர்ந்து ஜாம்ஷெட்பூர்ல லாரி செய்ய ஆரம்பிச்சாங்க. 1969-ல் கூட்டு முடிஞ்சும் ‘பென்ஸ் லாரி’ங்கிற பேர் போகலை. லேலண்டோட டாரஸும் அப்படித்தான். பத்து சக்கரம் இருந்தாலே நம்மாளுங்களுக்கு அது டாரஸ்.

ஆனா பேரை மட்டும் பார்த்து வாங்க முடியுமா? கம்பெனி கொடுத்தது சேசிஸ். நாமக்கல் பக்கம் விட்டுப் பாடி கட்டி முடியற வரைக்கும் வாடகை வராது, வட்டி மட்டும் ஓடும். அப்புறம் வாணியம்பாடி தாண்டி நடுராத்திரியில வண்டி படுத்துட்டா, அதைப் பிரிக்கத் தெரிஞ்ச மெக்கானிக்கும் சாமானும் பக்கத்துல கிடைக்கணும். பத்து லாரி முதலாளிக்கு ஒண்ணு நின்னா ஒன்பது ஓடும். ஒத்த லாரிக்காரர் வீட்டுல அன்னிக்கு உலை ஏறாது. அதனால இஞ்சின் பலத்தை விட, ரோட்டோர மெக்கானிக் சொல்ற வார்த்தைக்குத்தான் மதிப்பு.

1998-ல் இருங்காட்டுக்கோட்டையில ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கின பிறகு, நம்ம ரோட்டுல நீள நீளமா டிரெய்லருங்க. ஆறு சக்கர லாரியில நெல்லு, செங்கல், காய்கறி எதையும் ஏத்தலாம். கார் டிரெய்லர்ல கார் மட்டும்தான். கம்பெனி லோடு நின்னா வண்டியும் நிக்கும். தவணையை எண்ணிப் பார்க்கிற ஒத்த லாரிக்காரர், ஆறு சக்கரத்தை விட யோசிக்கிறது அதுக்குத்தான்.