தையல் இயந்திரம் தந்தார்கள். தைப்பதற்கு யார் தந்தார்கள்?

2013 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், செய்திக்கட்டுரை ஒன்றுக்காகக் கிளிநொச்சி மாவட்டத்தின் உட்கிராமம் ஒன்றுக்குச் சென்றிருந்தேன். யுத்தம் முடிவடைந்து அப்போது நான்கு ஆண்டுகள் கடந்திருந்தன. தகரக் கூரையிட்ட ஒரு சிறிய வீட்டின் விறாந்தையில் புத்தம்புதிய தையல் இயந்திரம் ஒன்று நின்றது. அதன் மேல் பழைய சேலையை மடித்து விரித்து, பிள்ளைகளின் பாடசாலைக் கொப்பிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். கணவனை இழந்த அந்தப் பெண்ணிடம், தையல் தொழில் எப்படிப் போகிறது என்று கேட்டேன்.

"மெசின் தந்தவை ஐயா. தைக்கிறதுக்கு ஆர் துணி தரப்போகினம்? இந்த ஒழுங்கையில மட்டும் ஏழு மெசின் நிக்குது" என்றார்.

பெண் தலைமைத்துவக் குடும்பங்களுக்கு வாழ்வாதார உதவி என்றதும் கோழிக்குஞ்சு, ஆடு, தையல் இயந்திரம் என்ற மூன்றும் வரிசையில் வந்துநின்ற காலம் அது. கையளிக்கும் வைபவங்களின் படங்களை நானும் பல தடவை பத்திரிகையில் பிரசுரித்திருக்கிறேன். படத்துக்குப் பின்னர் அந்த இயந்திரங்களுக்கு என்ன நேர்ந்தது என்று தேடிச் சென்றவர்கள் எங்களில் மிகச் சிலரே. ஏழு இயந்திரங்கள் என்ற அந்தக் கணக்கு நெடுநாள் என் மனதை விட்டு அகலவில்லை. அதுவே இந்த இயந்திரத்தின் வரலாற்றைத் தேடிப் படிக்கவும் என்னைத் தூண்டியது.

தையல் இயந்திரத்தின் வரலாறு ஆரம்பத்திலிருந்தே பிழைப்புப் பற்றிய அச்சத்துடன் பிணைந்தது. பிரான்ஸ் நாட்டுத் தையற்காரரான பார்த்தெலமி திமொனியே 1830 இல் தமது இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். இராணுவச் சீருடைகளைத் தைப்பதற்காகப் பாரிஸில் அவர் அமைத்த தொழிற்கூடத்தை, தம் தொழில் பறிபோகும் என்று அஞ்சிய தையற்காரர்கள் மறுவருடமே புகுந்து அடித்து நொறுக்கினார்கள். பின்னர் அமெரிக்காவில் இலியாஸ் ஹோ, நுனியில் துளையுள்ள ஊசியும் கீழிருந்து வரும் இரண்டாவது நூலும் சேர்ந்து பூட்டுத்தையல் இடும் இயந்திரத்துக்கு 1846 இல் காப்புரிமை பெற்றார். ஐசாக் மெரிட் சிங்கர் தமது மேம்படுத்தப்பட்ட இயந்திரத்துக்கு 1851 இல் அதனைப் பெற்றுக்கொண்டார்.

மகாத்மா காந்தி இயந்திரங்களின் மேல் கொண்டிருந்த ஐயம் யாவரும் அறிந்ததே. ஆயினும் 1924 இல் நிகழ்ந்த உரையாடல் ஒன்றில், சிங்கர் தையல் இயந்திரத்துக்கு மட்டும் அவர் விதிவிலக்கு அளித்தார். தன் மனைவி கையால் தைத்துக் களைப்பதைக் கண்டு பொறுக்காமல், அன்பின் காரணமாகவே சிங்கர் அதனை உருவாக்கினார் என்பது அவர் கூறிய காரணம். கேட்பதற்கு இனிமையான கதைதான். ஆனால் உண்மை அப்படியல்ல. பொஸ்டன் நகரில் ஒருவரின் பட்டறைக்குத் திருத்த வேலைக்கு வந்திருந்த இயந்திரத்தின் குறைகளை 1850 இல் அவதானித்தே சிங்கர் தமது மாதிரியை அமைத்தார். பல பெண்களுடன் குடும்பம் நடத்தி, இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்குத் தந்தையான அவரை இல்லற அன்பின் உதாரணமாகக் கொள்வது கடினம். எனினும் காந்தியின் முடிவில் தவறில்லை என்றே நான் கருதுகிறேன். ஆலைக்குள் ஆட்களை இழுக்காமல், வீட்டு விறாந்தையில் இருந்தபடியே ஒரு பெண் தன் கையாலும் காலாலும் ஆளக்கூடிய இயந்திரமாக அது இருந்தது.

அதை வீட்டுக்குள் கொண்டுசேர்த்தது சிங்கரின் பங்காளியான எட்வர்ட் கிளார்க் என்ற வழக்கறிஞரின் யோசனை. சாதாரண குடும்பம் ஒன்று ஒரே தடவையில் செலுத்த முடியாத விலையாக இருந்ததால், 1856 இல் அவர் தவணைமுறை விற்பனையை ஆரம்பித்தார். முதலில் சிறு தொகை, பின்னர் மாதாந்தம் சிறு தொகை. கண்டுபிடிப்பைப் போலவே இந்தக் கொடுப்பனவு முறையும் உலகைச் சுற்றிவந்தது. சிங்கர் நிறுவனம் 1877 இல் இலங்கையில் கால்பதித்தது. தவணைக்குப் பொருள் வாங்கும் பழக்கம் நம் குடும்பங்களுக்குள் நுழைந்த வழிகளில் இதுவும் முக்கியமானது.

எங்கள் வீட்டுக்கும் இயந்திரம் அவ்வாறே வந்தது. வலிகாமத்தில் எங்கள் அம்மா கல்யாணமாகி வந்தபோது சீதனத்தோடு வந்த பொருள் அது. அம்மப்பா அதற்குரிய தவணைப் பணத்தைக் கல்யாணத்துக்குப் பின்னரும் கட்டினாராம். கறுப்பு உடலில் பொன்நிறப் பூவேலை, இரும்புக் கால், மரப்பலகை. அதன் மாதிரி எண்ணுடன் ‘கே’ என்ற ஆங்கில எழுத்தும் உண்டு. அது ஸ்கொட்லாந்தின் கிளைட்பேங் நகரிலிருந்த கில்போவி தொழிற்சாலையைக் குறிக்கும் என்பதை நான் மிகப் பிந்தியே அறிந்துகொண்டேன். அந்தத் தொழிற்சாலை 1980 இல் மூடப்பட்டுவிட்டது. ஆனால் அதன் தொழிலாளர்களுக்காக அமைந்த புகையிரத நிலையம் ‘சிங்கர்’ என்ற பெயருடன் இன்றும் அங்கே இருக்கிறது.

1970 முதல் 1977 வரையான சிறிமாவோ பண்டாரநாயக்கவின் ஆட்சிக் காலத்தை எனது தலைமுறையினர் பாணுக்கு நின்ற வரிசையாலேயே நினைவுகூருவார்கள். எனக்கு நினைவில் நிற்பது சீத்தைத் துணி. இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. சங்கக்கடையில் கிடைத்த ஒரே நிறச் சீத்தையில் தங்கைமாருக்குச் சட்டையும், எனக்குச் சேர்ட்டும், மீதியில் தலையணை உறையும் அம்மா தைப்பார். தீபாவளியன்று நாங்கள் வீதியில் இறங்கினால் ஒரே பூவில் ஒரு குடும்பமே நடந்துபோகும். கிழிந்த சேர்ட்டின் கொலரைக் கழற்றி, உட்புறத்தை வெளியே திருப்பித் தைத்தால் இன்னும் இரண்டு வருடம் போகும். சேர்ட் முடிந்தால் தெறிகள் போத்தலுக்குள் போகும். துணி அடுப்படித் துடையலாகும். வளங்குன்றா ஆடைமுறை என்று இன்று கருத்தரங்குகளில் பேசப்படுவதை அன்று வறுமையும் வழக்கமும் சேர்ந்து நடத்தின. அதைப் பெருமையாகச் சொல்ல எனக்குத் தயக்கம் உண்டு. புதுத்துணி கிடைத்திருந்தால் அம்மாவும் வாங்கியிருப்பார்.

அதே கட்டுப்பாடுகள் உள்ளூர்க் கைத்தறிக்கு வாழ்வளித்தன. கிழக்கில் மருதமுனை நெசவாளர்கள் இரவு பகலாகத் தறியடித்தார்கள். சாறமும் சேலையும் நாடெங்கும் சென்றன. 1977 இல் ஜே.ஆர். ஜயவர்தனவின் அரசாங்கம் திறந்த பொருளாதாரத்தை அறிமுகப்படுத்தியதும் வெளிநாட்டுத் துணி குவிந்தது. மலிவான நைலக்ஸ் சேலைக்கு முன்னால் கைத்தறிச் சேலை நிற்க முடியவில்லை. பல்லாயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் தறியை விட்டு எழுந்தார்கள். மருதமுனை முற்றாக அழியவில்லை. ஆயினும் 2004 டிசம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலை அந்த ஊரையும் அதன் தறிகளையும் மீண்டும் தாக்கியது. அதன் பின்னரும் அங்கே தறிச்சத்தம் கேட்பது அந்த மக்களின் விடாமுயற்சிக்குச் சான்று.

கைத்தறி வீழ்ந்த அதே வருடங்களில் தையல் வேறொரு வடிவத்தில் வளர்ந்தது. 1978 இல் கட்டுநாயக்கவில் சுதந்திர வர்த்தக வலயம் ஆரம்பிக்கப்பட்டது. 1992 இல் ஜனாதிபதி ரணசிங்க பிரேமதாச இருநூறு ஆடைத் தொழிற்சாலைகள் திட்டத்தின் மூலம் அதனைக் கிராமங்களுக்கும் விரித்தார். ஒவ்வொரு நாட்டுக்கும் ஆடை ஏற்றுமதிப் பங்கு ஒதுக்கிய பல்நார் உடன்படிக்கை முறை இத்தொழிலுக்குத் துணையாக நின்றது. அம்முறை 2005 ஜனவரி முதலாம் திகதி முடிவுக்கு வந்த பின்னரும் தொழில் நிலைத்திருக்கிறது. ஆனால் தொழிற்சாலைப் பெண் முழு ஆடையைத் தைப்பதில்லை. ஒருத்தி நாள் முழுவதும் கைப்பட்டி பொருத்துவாள். மற்றொருத்தி பொக்கற் தைப்பாள். பத்து வருடம் வேலைசெய்து ஊருக்குத் திரும்பும் பெண்ணுக்கு ஒரு சட்டையை அளந்து வெட்டத் தெரியாது என்பதைப் பலர் என்னிடம் கூறியிருக்கிறார்கள்.

வடக்கின் கதை வேறாக இருந்தது. 1990 இல் யுத்தம் மீண்டும் மூண்டபோது யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடையின் கீழ் எரிபொருளும் வந்து சேரவில்லை. மின்சாரத்தில் ஓடும் யாவும் மௌனமாகின. காலால் மிதிக்கும் தையல் இயந்திரம் மட்டும் தொடர்ந்து ஓடியது. இயந்திர எண்ணெய் கிடைக்காமல் தேங்காயெண்ணெய் விட்டதாகவும், அது பசைபோல் இறுகி இயந்திரம் பிடித்துக்கொண்டதாகவும் அம்மா கொழும்பிலிருந்த எனக்கு எழுதியிருந்தார். அந்த வருடங்களில் ஊராரின் பழைய ஆடைகளைப் பிரித்து, சிறுவர்களுக்கு ஆடை தைத்துக் கொடுத்தே அவர் வீட்டுச் செலவைச் சமாளித்தார்.

1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி வலிகாமம் இரவோடிரவாக இடம்பெயர்ந்தது. அம்மா கால்பகுதியை வீட்டில் விட்டுவிட்டு, இயந்திரத்தின் தலையை மட்டும் திருகாணி கழற்றி, சாக்கில் சுற்றிச் சைக்கிள் கரியரில் கட்டினார். அவ்வளவு இரும்பையும் உருட்டிக்கொண்டு அந்தச் சனநெரிசலில் தென்மராட்சிக்கு நடந்தார். அடுத்த வருடம் திரும்பியபோது கால்பகுதியைக் காணவில்லை. ஊர்த் தச்சரிடம் சொல்லிப் பலகையில் ஒரு மேசை செய்து, கைச்சுற்றுப் பிடி பூட்டி மீண்டும் தைக்கத் தொடங்கினார்.

அம்மாவுக்கு அந்த இயந்திரம் சோறு போட்டது; கிளிநொச்சிப் பெண்ணுக்கு ஏன் போடவில்லை? இதற்கான விடை இயந்திரத்தில் இல்லை, சந்தையில் இருக்கிறது. அம்மாவின் காலத்தில் ஊரில் ஆயத்த ஆடை இல்லை. 2013 இல் ஏ9 வீதி திறந்திருந்தது. கொழும்பிலிருந்து லொறிகளில் வந்த மலிவான ஆடைகள் நடைபாதையிலேயே கிடைத்தன. தைகூலியைவிடக் குறைந்த விலையில் முழுச் சட்டை விற்பனையானது. அந்த மலிவின் பின்னணியையும் உலகம் அதே வருடத்தில்தான் கண்டது. 2013 ஏப்ரல் 24 ஆம் திகதி பங்களாதேஷில் ரானா பிளாசா கட்டடம் இடிந்து வீழ்ந்து ஆயிரத்து நூறுக்கும் மேற்பட்ட ஆடைத் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள்.

கைவினையைத் தொழிலாக நிலைநிறுத்தியவர்கள் இந்நாட்டில் இல்லாமலில்லை. ஓவியரான பார்பரா சன்சோனி, கன்னியர் மடம் ஒன்றில் நெசவு பழகிய பெண்களுக்கு நிறச்சேர்க்கைகளை வரைந்து கொடுக்க ஆரம்பித்ததிலிருந்தே 1964 இல் ‘பெயார்ஃபுட்’ நிறுவனம் உருவாயிற்று. ஈனா டி சில்வா பத்திக் கலையை முதலில் தமது வீட்டில் வளர்த்து, பின்னர் மாத்தளை அலுவிகாரையில் கிராமத்துப் பெண்களிடம் கொண்டுசென்றார். இவ்விருவரும் வசதியும் செல்வாக்கும் உள்ள குடும்பத்தினர் என்பதை மறக்கலாகாது. கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவாவின் நட்பு வட்டம் அவர்களுக்கு இருந்தது; வாங்குவோரைத் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. ஆயினும் ஒரு பாடம் பொதுவானது. இருவரும் மலிவான துணியோடு போட்டியிடவில்லை. தொழிற்சாலை தர முடியாததையே செய்தார்கள். அதை வாங்கக்கூடியவர் எவர் என்பதையும் அறிந்திருந்தார்கள்.

அந்தப் பெண்ணை 2019 இல் மீண்டும் சந்தித்தேன். ஒழுங்கையின் ஏழு இயந்திரங்களில் நான்கு விற்கப்பட்டுவிட்டன. மற்ற மூன்றும் ஓடின. வழி காட்டியவர் கட்டுநாயக்கத் தொழிற்சாலையில் வேலைசெய்து திரும்பிய அவரின் மச்சாள். ஆடை ஒன்றை வெட்டும்போது துணியில் பத்தில் ஒரு பங்குக்கும் மேல் துண்டுகளாக வீணாவது வழமை. அந்த ‘கட் பீஸ்’ துண்டுகள் கிலோக் கணக்கில் விலைக்கு வரும். அவற்றை நிறம் பிரித்து ஒட்டி, தலையணை உறை, குழந்தைகளுக்கான விரிப்பு, சந்தைப் பை என்பவற்றை மூவரும் தைத்தார்கள். சேலைக்கான சட்டையும் பாடசாலைச் சீருடையைப் பிள்ளையின் அளவுக்குத் திருத்துவதும் நிரந்தர வருமானம். ஆயத்தமாக வாங்கினாலும் அளவு சரிவராத ஆடைகளை அவர்கள் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

அவர் ஒரு கொப்பியைக் காட்டினார். துணி, நூல், பஸ் செலவு என்று எழுதி, அடியில் ‘எனது நேரம்’ என்று ஒரு வரி இருந்தது.

"முதல் இரண்டு வருசம் இதை எழுதயில்லை ஐயா. லாபம் எண்டு நினைச்சது எல்லாம் என்ர கூலிதான்" என்றார்.

எத்தனையோ திட்ட அறிக்கைகளைப் படித்திருக்கிறேன். இந்த ஒரு வரி எதிலும் இருக்கவில்லை. என் அம்மாவும் அதை ஒருநாளும் எழுதியதில்லை.

2022 இல் நாடு வங்குரோத்து நிலையை அடைந்து துணி விலை பலமடங்கானபோது, திருத்தித் தைப்பதற்கு ஆட்கள் மீண்டும் வந்தார்கள் என்று தொலைபேசியில் சொன்னார். நெருக்கடி ஒவ்வொன்றும் நம்மைத் தையல் இயந்திரத்திடம் திருப்பி அனுப்புகிறது; அது நீங்கியதும் நாம் அதனை மூடிச் சேலை விரிக்கிறோம்.

அம்மா இப்போது இல்லை. தச்சர் செய்த மேசையுடன் அந்த இயந்திரம் கொழும்பில் என் வீட்டில் இருக்கிறது. அண்மையில் கொலர் தேய்ந்த சேர்ட் ஒன்றைத் திருப்பித் தைக்கலாமா என்று பக்கத்துத் தையற்காரரிடம் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "புதுசு ஒன்று வாங்குங்கள் ஐயா, அதுதான் லாபம்" என்றார். அவருடைய கணக்கில் அது சரிதான். சேர்ட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கொலரின் தையலை நானே பிரிக்கத் தொடங்கினேன்.