ரோலருக்குக் கால் முளைத்த கதை

எங்கள் தோட்டத்து ஸ்டோரில் அப்பா ஃபிட்டராக இருந்தார். தேயிலைத் தொழிற்சாலையை மலையகத்தில் நாங்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். கொழுந்து மலிந்த மாதங்களில் அவர் இரவில் வீட்டுக்கு வரமாட்டார். அம்மா கட்டித் தரும் சோற்றை நான் கொண்டுபோவேன். ரோலர் ஓடும் அறையின் வாசலுக்கு வந்ததும் என் கால் நின்றுவிடும்.

தரையில் ஊன்றிய மூன்று இரும்புத் தூண்கள். நடுவே ஒரு வட்ட மேசை. அதன் முகத்தில் பிறை பிறையாகப் பித்தளைப் பட்டைகள். மேசைக்கு மேலே, அடியில்லாத அண்டா போல ஒரு பெட்டி. அதன் வாய் நிறைய வாடிய கொழுந்து. உச்சியில் அழுத்தும் மூடியும் அதைத் திருகி இறக்கும் சில்லும். மூன்று தூண்களிலும் உள்ள கிராங்குகள் பிடித்து இழுக்க, அந்தப் பெட்டி வட்டம் வட்டமாகச் சுற்றும். சீமெந்துத் தரை உள்ளங்காலில் அதிரும். இது காலில் கட்டுப்போட்ட மிருகம், அவிழ்த்துவிட்டால் மலையிறங்கி நடந்து போய்விடும் என்று ஏழு வயதில் நான் நம்பினேன்.

இன்று எனக்கு நாற்பத்தெட்டு வயது. ஹட்டனில் மோட்டர் வைண்டிங் கடை வைத்திருக்கிறேன். கடை பூட்டிய பிறகு, விஞ்ஞானக் கதைகளில் வரும் போர் இயந்திரங்களின் சிற்றுருவங்களைக் கையால் கட்டிப் படம் எடுக்கிறேன். வெளிநாட்டார் இதை ஸ்கிராட்ச் பில்டிங் என்கிறார்கள். கடையில் விற்கும் அச்சுத் துண்டுகளைப் பொருத்தி ஒட்டுவதோடு நிற்காமல், கைக்குக் கிடைத்த தகரம், பலகை, கம்பியிலிருந்து முழு உருவத்தையும் கட்டி எழுப்பும் வேலை அது. "தோட்டத்துப் பிள்ளைக்கு இந்த வெள்ளைக்காரப் பொழுதுபோக்கு எங்கிருந்து வந்தது?" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்காகத்தான் இந்த வரலாற்றை எழுதுகிறேன். இது எங்கிருந்தும் வரவில்லை, எங்கள் ஸ்டோருக்குள்ளேயே இருந்தது.

1867இல் தோட்டத்துரை ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டபோது இயந்திரம் எதுவும் இல்லை. பங்களா இஸ்தோப்பில் மேசையைப் போட்டு, கொழுந்தை மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கொடுத்து உருட்டினார்கள். களிமண் அடுப்பில் கரி மூட்டிக் காய வைத்தார்கள். பிறகு தண்ணீர்ச் சில்லில் ஓடும் உருட்டுப் பொறி ஒன்றை டெய்லர் அங்கேயே அமைத்தார். அதே காலத்தில் அசாமில் வில்லியம் ஜாக்சன் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் தம் ரோலரை உருவாக்கிக்கொண்டிருந்தார். ஓர் இலையை இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து வட்டமாக உருட்டிப் பாருங்கள். ரோலர் செய்வது அதைத்தான். கீழ்க்கை மேசை, மேற்கை பெட்டி. அந்த இரும்புக்குள் இருப்பது தொழிலாளியின் கையசைவு.

ஜாக்சனின் ரோலர்களை வார்த்து உலகமெங்கும் அனுப்பியது இங்கிலாந்தின் கெயின்ஸ்பரோ நகரத்து மார்ஷல் கம்பெனி. அப்பா வாரம் ஒருமுறை எங்கள் ரோலரின் வார்ப்பில் இருந்த அந்தப் பெயரை எண்ணெய்த் துணியால் துடைப்பார். நான் எழுத்துக்கூட்டிப் படித்த முதல் இங்கிலீஷ் சொல் அது. அதே மார்ஷல் கம்பெனி இரண்டாம் உலகப் போரில் நான்கு பேர் மட்டும் குந்தியிருக்கக்கூடிய குட்டி நீர்மூழ்கிகளைக் கட்டியது என்று வளர்ந்த பிறகு படித்தேன். அவற்றில் ஒன்றான எக்ஸ் 24, 1944இல் இரண்டு முறை நோர்வேயின் பேர்கன் துறைமுகத்துக்குள் நுழைந்தது. இரண்டாம் முறை ஜெர்மானியரின் மிதக்கும் கப்பல் துறையைத் தகர்த்துவிட்டுத் திரும்பியது. இன்று அது கோஸ்போர்ட் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கள் கொழுந்தை உருட்டிய இரும்புக்கும் அதற்கும் ஒரே பட்டறை!

கொழுந்து காய வைக்கும் சிரோக்கோவின் கதையும் அப்படித்தான். அசாம் பக்கத்துக் கச்சாரில் தேயிலைத் தோட்டம் பார்த்த சாமுவேல் டேவிட்சன், 1881இல் பெல்ஃபாஸ்டில் சிரோக்கோ பட்டறையைத் தொடங்கினார். தேயிலைக்குச் சூடான காற்றை ஊதக் கற்ற அந்த விசிறிகள் பிறகு போர்க்கப்பல்களின் வயிற்றுக்குள்ளும் காற்று ஊதின.

கெயின்ஸ்பரோ இருக்கும் அதே லிங்கன்ஷயரில், லிங்கன் நகரத்து வில்லியம் ஃபோஸ்டர் கம்பெனி விவசாய இயந்திரங்கள் செய்துவந்தது. உலகின் முதல் டாங்கி 1915இல் அங்கேதான் பிறந்தது. 1916 செப்டம்பர் 15ஆம் திகதி பிரான்சில் டாங்கிகள் முதன்முறையாகப் போரில் இறங்கின. ஆனால் அதற்குப் பதின்மூன்று வருடங்களுக்கு முன்பே, 1903 டிசம்பரில், ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் ஸ்ட்ராண்ட் சஞ்சிகையில் எழுதிய சிறுகதையில் தரையில் ஊரும் இரும்புக் கப்பல்கள் பதுங்குகுழிகளைத் தாண்டி வந்துவிட்டன. 1898இல் வந்த அவருடைய நாவலில் செவ்வாய்க் கிரகத்தாரின் இயந்திரங்கள் மூன்று கால்களில் நடந்து இங்கிலாந்தை எரித்தன. ஹட்டன் பழைய புத்தகக் கடையொன்றில் அந்த நாவலின் படம் போட்ட பதிப்பைப் பார்த்தபோது, அட்டையிலிருந்தே என்னால் கண்ணை எடுக்க முடியவில்லை. மூன்று கால், மேலே ஒரு வட்டத் தலை. வெல்ஸ் எதைப் பார்த்து அதைக் கற்பனை செய்தாரோ, எனக்கு அது எங்கள் ஸ்டோர் ரோலர்தான். கட்டை அவிழ்த்துவிட்டிருந்தார்கள், அவ்வளவுதான்.

கட்டுவதற்கான சாமானும் தோட்டமே தந்தது. அந்த நாளில் தூள் கப்பலேறியது பிளைவுட் பெட்டியில். ஓரங்களில் தகரப் பட்டி, உள்ளே ஈரம் புகாமல் இருக்க அலுமினியத் தாள், வெளியே அச்சுத் தகட்டால் அடித்த தோட்டத்துப் பெயர். தொழிலாளர் வரிசை வீடான லயத்தில், பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பராவில் உடைந்த தேயிலைப் பெட்டிதான் அலுமாரி, அரிசிப் பெட்டி, பிள்ளைகளின் படிப்பு மேசை. அதன் பலகைச் சிராய் எங்களுக்கு உடம்பு, தகரப் பட்டி கவசம், உள்தாள் வெள்ளி வேலைப்பாடு. டின்மீன் டின்னில் லொறி, தேய்ந்த பாட்டா செருப்பை வட்டமாக வெட்டிச் சில்லு, பழைய பேரிங்கில் மலைச்சரிவில் உருளும் வண்டி. மாரியம்மன் திருவிழாவுக்குத் தேர் சோடிக்க மூங்கில் வளைத்த பெரியவர்களிடம் கட்டுமானம் கற்றோம். வெசாக் மாதம் டவுனில் வெளிச்சக்கூடு கட்டும் சிங்களப் பையன்களிடம் மூலை பிசகாமல் சட்டம் கட்டக் கற்றோம். பிறகு பெட்டிகள் போய்க் காகிதச் சாக்குகள் வந்தன. ஒரு தலைமுறைப் பிள்ளைகளின் கைவேலைச் சாமான் அதோடு தோட்டத்திலிருந்து போய்விட்டது.

என் முதல் போர் இயந்திரத்தைப் பன்னிரண்டு வயதில் கட்டினேன். குடைக்கம்பியில் மூன்று கால், பால்மா டின்னில் தலை, முன்னால் பேனைக் குழாயில் செய்த பீரங்கி. அது 1990ஆம் வருடம். நாட்டில் சண்டை நடந்துகொண்டிருந்தது. மலையகத்திலும் தமிழ்ப் பெயருள்ள இளைஞர்கள் சந்தேகத்தின் பேரில் பிடிபட்ட காலம். லயத்தைச் சோதனை போட வருகிறார்கள் என்று ஒரு பின்னேரம் செய்தி பரவியது. அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. அலுமாரிக்கு மேலிருந்து அதை எடுத்து, காலை மடக்கி, அடுப்புக்குள் வைத்தார். பெயின்ட் எரிந்த வாசம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. அன்று வந்தவர்கள் எங்கள் காம்பராவை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் அம்மா செய்தது சரி என்று, இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பனாக இன்று சொல்கிறேன். உண்மையான துப்பாக்கிக்குப் பயந்து ஒரு பிள்ளையின் பொம்மைத் துப்பாக்கியை எரிக்க வேண்டியிருந்தது என்பதும் மலையகத்தின் வரலாறுதான். இருபது வருடங்கள் நான் எதையும் கட்டவில்லை.

மறுபடி கட்ட வைத்தது ஒரு சினிமாச் செய்தி. 1983இல் ஹொலிவுட் இயக்குநர் ஸ்பீல்பேர்க் தம் இரண்டாவது இந்தியானா ஜோன்ஸ் படத்தைக் கண்டிப் பக்கம் வந்து எடுத்தார். படத்தில் வரும் வறண்ட கிராமத்தைக் கண்டிக்கு மேலே ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில் போட்டார்கள். அந்தப் படத்தில் ஒரு சுரங்க ரயில் துரத்தல் உண்டு. அதன் பல காட்சிகள் அமெரிக்காவில் சிற்றுருவங்களை வைத்து எடுக்கப்பட்டன. சினிமாக் கெமரா நுழைய வேண்டுமென்றால் சுரங்கத்தைப் பெரிதாகக் கட்ட வேண்டும், செலவு ஏறும். அதனால் அந்தக் காட்சிகளைப் பிடித்த டெனிஸ் முரனின் குழு ஒரு நிக்கோன் ஸ்டில் கெமராவைத் திருத்தி, அதற்குள்ளேயே படச்சுருள் ஓட்டியது. சுரங்கத்தின் பாறைச் சுவர்கள் எதனால் ஆனவை? கசக்கி வண்ணம் பூசிய அலுமினியத் தாளால்!

அதைப் படித்ததும் எழுந்து வெளியே போய் நின்றேன். தேயிலைப் பெட்டியின் உள்தாளைக் கசக்கி நாங்கள் மலை செய்தோம், குகை செய்தோம். ஒஸ்கார் வாங்கிய கைகளும் அதைத்தான் செய்திருக்கின்றன. அதே கைகள் வேலை செய்த முந்திய படமொன்றில், 1980இல், நான்கு கால் இரும்பு யானைகள் பனியில் நடந்து வந்தனவே, அந்தப் பனி அப்பச்சோடாவும் நுண்ணிய கண்ணாடிக் குமிழித் தூளும். ஜப்பானில் கோ யோகோயாமா 1982இலிருந்து, தாம் கையால் கட்டிய போர்க் கவசங்களைப் படமெடுத்துச் சஞ்சிகையில் கதையாகவே வெளியிட்டார். எங்கள் லயத்து வேலை உலகத்து வேலையின் பங்காளி என்று அன்றுதான் எனக்கு உறைத்தது.

கட்டுவது பாதி, படம் எடுப்பது மீதி. அதிலும் எங்கள் மலைக்கு ஒரு மூதாதை இருக்கிறார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரிய புகைப்படக் கலைஞர்களில் ஒருவரான ஜூலியா மார்கரெட் கெமரன், 1879 ஜனவரியில் டிக்கோயாவில் காலமானார். பொகவந்தலாவ சென். மேரிஸ் தேவாலயத்தில் அவர் கல்லறை இருக்கிறது. முகங்களை வேண்டுமென்றே சற்று மங்கலாகப் பிடித்தவர். அதற்காகவே ஏச்சு வாங்கியவர். வருடத்தில் ஒரு தடவையாவது பஸ் ஏறி அங்கே போய்வருவேன். மங்கல் எங்கே வேண்டும், எங்கே வேண்டாம் என்பதுதான் என் கலையின் உயிர்நாடி. ஒரு சாண் உயரப் பொருளைக் கிட்டத்தில் எடுத்தால் மூக்குத் தெளிவாகவும் முதுகு மங்கலாகவும் விழும். பார்ப்பவர் உடனே பொம்மை என்று சொல்லிவிடுவார். அதனால் லென்ஸின் துவாரத்தை ஆகச் சிறியதாக்கி, கெமராவை அசையாமல் ஊன்றி, பத்துப் பதினைந்து வினாடி திறந்து வைப்பேன். கெமராவின் கண் அந்த உலகத்து மனிதனின் கண் உயரத்தில், அதாவது தரையோடு தரையாக, இருக்க வேண்டும். தேயிலை இலை ஒன்று உள்ளே விழுந்தாலும் அளவு காட்டிக்கொடுத்துவிடும். பாசி விழுந்தால் காடாகிவிடும். டஸ்ட் தேயிலையைப் பசையில் தூவினால் அது எரிந்த மண்.

என் நல்ல படங்கள் மவுசாக்கலையில் எடுத்தவை. அறுபதுகளின் முடிவில் அங்கே நீர்த்தேக்கம் கட்டியபோது பழைய மஸ்கெலியா நகரம் தண்ணீருக்குள் போனது. வரட்சி மாதங்களில் நீர் இறங்கினால் வெடித்த சேறும் பழைய கட்டடக் கற்களும் வெளியே வரும். பின்னால் சிவனொளிபாதமலை. 1956இலிருந்து இலங்கையில் வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க், விண்வெளிக்கு மின்தூக்கி கட்டும் தம் 1979ஆம் வருட நாவலுக்கு மாதிரியாக எடுத்துக்கொண்டது இந்த மலையைத்தான். விடியற்காலை ஆறு மணிக்கு மூட்டம் சேற்றைத் தொட்டு நகரும்போது என் இயந்திரத்தை அங்கே நிறுத்துவேன். இருபது வருடம் கழித்து நான் கட்டிய முதல் உருவமும் மூன்று கால் உருவம்தான். இம்முறை ஒளிக்கவில்லை: மேசையின் பித்தளைப் பட்டைகள், பெட்டி, உச்சியில் திருகு சில்லு எல்லாம் அப்படியே ரோலர். அடியில் மட்டும் கால்கள்.

போர் பார்த்த நாட்டில் எதற்குப் போர் இயந்திரம் என்று என் மனைவி கேட்டார். நியாயமான கேள்வி. வெல்ஸ் 1913இல் பொம்மைச் சிப்பாய்களை வைத்து ஆடும் விளையாட்டுக்கு ஒரு சிறு நூல் எழுதினார். இந்தச் சின்னப் போரை ஆடிப் பார்த்தவர்களுக்குப் பெரிய போர் எவ்வளவு பெரிய மடத்தனம் என்று விளங்கும் என்பது அதில் அவர் கட்சி. மறு வருடமே பெரிய போர் வந்தது. அவர் பேச்சை உலகம் கேட்கவில்லை. ஆனாலும் அவர் சொன்னது எனக்கு உண்மை. கெயின்ஸ்பரோவில் ஒரே பட்டறையிலிருந்து தேயிலை உருட்டும் இரும்பும் போருக்குப் போன இரும்பும் வந்தன. எது எதுவாக மாறும் என்பதை மனிதன்தான் தீர்மானிக்கிறான். நான் சுடாத ஒன்றாக மாற்றுகிறேன்.

எங்கள் ஸ்டோர் மூடிக்கிடக்கிறது. ரோலர்கள் பழைய இரும்புக்குப் போய்விட்டன. போன வருடம் அந்த மூன்று கால் உருவத்தை அப்பாவின் முன்னால் வைத்தேன். எண்பதைத் தாண்டியவர். கையில் எடுத்துத் திருகு சில்லைத் திருப்பிப் பார்த்தார். பட்டைகளை விரலால் தடவினார். பிறகு கேட்டார்:

"தம்பி, ரோலருக்கு மூணு கிராங்கும் ஒண்ணாச் சுத்தும். இது எப்புடி நடக்கும்? ஒரு காலத் தூக்கினா ரெண்டு கால்ல நிக்கணுமே, சரிஞ்சிருமே?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அவர் மூன்று பிளேன்டீக் கோப்பைகளைக் கேட்டு வாங்கி, வாங்கில் முக்கோணமாக வைத்து, ஒன்றைத் தூக்கி, மற்ற இரண்டின் நடுவை விரலால் அளந்தார். அரை மணித்தியாலம் போனது. கடைசியில், "பாதத்த அகலமாப் போடு. நடக்கிறப்போ ஒடம்பு அந்த ரெண்டு பாதத்து மேல சாயட்டும். அப்ப நிக்கும்" என்றார்.

டின்மீன் டின் மூடிகளை வெட்டி அகலமான பாதங்கள் போட்டேன். இந்த மாசியில் தண்ணீர் இறங்கியபோது மவுசாக்கலைக்குக் கொண்டுபோய், ஒரு காலைத் தூக்கி நிறுத்தினேன். ஈரச் சேற்றில், மூட்டத்தில், பதினைந்து வினாடியும் அசையாமல் இரண்டு காலில் நின்றது.