பழம்பொருள் வணிகம்: அன்றும் இன்றும்



ஜொகூர் பாருவிலிருந்து கோத்தா திங்கி நோக்கிச் செல்லும் சாலையில் அமைந்துள்ள ஊர் உலு திராம். ஒரு காலத்தில் இவ்வூரைச் சுற்றிப் பால்மரத் தோட்டங்கள் இருந்தன. பின்னர்ச் செம்பனை வந்தது. இன்று வீடமைப்புப் பகுதிகளும் தொழிற்சாலைகளும் பெருகியுள்ளன. இம்மாற்றத்தைத் தோட்டப் பள்ளி ஆசிரியர்களாகிய நாங்கள் கண்ணால் கண்டோம். அதைக் கையால் தொட்டு அறிந்தவர் ஒருவர் உண்டு. அவர்தாம் பழம்பொருள் வணிகர். தோட்டங்கள் கலைந்தபோது லயத்து வீடுகளிலிருந்து வெளிவந்த குத்துவிளக்கு, உருளி, வெற்றிலைப் பெட்டி, தையல் இயந்திரம், பால்வெட்டும் கத்தி ஆகியவை அவர் கை வழியாகவே ஊர் கடந்து சென்றன. அத்தகைய சிறு வணிகரின் அன்றாட வாழ்வை இணையம் எவ்வாறு மாற்றியது என்பதை இன்றைய உரையில் காண்போம்.

முதலில் பழைய நிலையைப் பார்ப்போம். தமிழ்நாட்டில் ‘பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம்’ என்று கூவி வருவார்கள். ஜொகூரிலும் சிங்கப்பூரிலும் அவருக்குக் ‘காராங் கூனி’ என்று பெயர். கோணிச்சாக்கு என்பதே இம்மலாய்ச் சொல்லின் பொருள். சாக்கைத் தோளில் போட்டு வந்தவருக்கு அந்தச் சாக்கே பெயராயிற்று. வாங்கியவற்றை எடைக்குப் போடுபவர் பழைய சாமான்காரர். எதை எடைக்குப் போடக்கூடாது என்று அறிந்தவர் பழம்பொருள் வணிகர். இரு தொழிலுக்கும் இடையே இருந்த வேறுபாடு இந்த அறிவு ஒன்றுதான்.

எங்களுக்குப் பழக்கமான வணிகர் ஒருவர் இவ்வூரில் இருக்கிறார். முன்பெல்லாம் விடியற்காலையில் மோட்டார் சைக்கிளில் புறப்பட்டுத் தோட்டம் தோட்டமாகச் செல்வார். பகலில் கடையில் அமர்ந்து வாடிக்கையாளருக்காகக் காத்திருப்பார். வார இறுதியில் பாலம் கடந்து சிங்கப்பூரிலிருந்து வருவோரே அவருக்குப் பெரிய வரவு. விலைச்சீட்டு எதுவும் கிடையாது. வருபவரின் முகத்தைப் பார்த்து விலை சொல்வார். வரவு செலவெல்லாம் ‘மூன்று ஐந்து’ என்று நாம் அழைக்கும் சிறிய 555 கணக்குப் புத்தகத்தில் அடங்கிவிடும்.

இத்தொழில் மாறுவது இது முதன்முறையன்று. நம் நாட்டில் 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தால் பினாங்கிலும் மலாக்காவிலும் பழைய கடைவீடுகளின் வாடகை குறைவாக இருந்தது. குறைந்த வாடகை இருந்ததால்தான் நாள் முழுவதும் ஒரு பொருளும் விற்காத கடையும் நிலைத்தது. அச்சட்டத்தை நீக்கும் சட்டம் 1997இல் இயற்றப்பட்டது. 2000ஆம் ஆண்டு பிறந்தபோது கட்டுப்பாடு முற்றாக அகன்றது. வாடகை உயர்ந்தது, பலர் இடம் பெயர்ந்தனர். ஆகவே, கடையின் அடித்தளம் ஆட்டம் கண்ட அதே காலத்தில்தான் இணையமும் வந்து சேர்ந்தது.

1995ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் அமெரிக்காவில் பியர் ஒமிட்யார் என்பவர் இணைய ஏலத் தளம் ஒன்றைத் தொடங்கினார். பின்னாளில் ஈபே என்று பெயர் பெற்ற தளம் அது. அதில் முதலில் விற்றது பழுதுபட்ட லேசர் சுட்டுக்கோல் ஒன்று. விலை 14 டாலர் 83 காசு. உடைந்த பொருளுக்கும் உலகின் எங்கோ ஒரு மூலையில் ஆள் உண்டு என்பதை அன்றே அது காட்டிவிட்டது. நம் நாட்டில் 2007இல் முடா என்னும் இணைய விளம்பரத் தளம் வந்தது. பின்னர் கைத்தொலைபேசியும் முகநூலும் எல்லார் கைக்கும் வந்தன. ஏலம் என்னும் தமிழ்ச் சொல்லும் லெலோங் என்னும் மலாய்ச் சொல்லும் போர்த்துகீசிய மொழியிலிருந்து வந்தவை என்பதை இங்கு நினைவுகூரலாம். கடல் கடந்து வந்த சொல்லுக்குரிய தொழில், மீண்டும் கடல் கடந்து விரிந்தது.

இதனால் நேர்ந்த முதல் மாற்றம் விலையில். ஜப்பானியர் ஆட்சியில் 1942 முதல் 1945 வரை புழங்கிய வாழைமர நோட்டை நம்மில் பலர் பாட்டி வீட்டுப் பெட்டியில் பார்த்திருப்போம். ‘இது அரிய பொருள்’ என்று சொல்லி அவ்வணிகர் அதை நல்ல விலைக்கு விற்றது உண்டு. அவர் பொய் சொல்லவில்லை. உலு திராமில் அது அரிய பொருளாகவே இருந்தது. ஆனால் இணையத்தில் தேடினால் அதே நோட்டு நூற்றுக்கணக்கில் கிடைக்கிறது. ஜப்பானியர் அதனை அளவின்றி அச்சடித்தார்கள்; போர் முடிந்ததும் செல்லாத தாளாகிப் பெட்டியில் தங்கிவிட்டது. ஆகவே விலை சரிந்தது. அதே இணையம் வேறொன்றையும் கற்பித்தது. தொடக்க கால நோட்டுகளில் வரிசை எண் உண்டு. பின்னர் வந்தவற்றில் எழுத்துகள் மட்டுமே உண்டு. எண் உள்ள நோட்டைச் சேகரிப்போர் தேடி வாங்குகிறார்கள். முன்பு இரண்டையும் ஒரே விலைக்கு விற்றவர், இன்று பூதக்கண்ணாடி வைத்துப் பிரிக்கிறார்.

இரண்டாவது மாற்றம் அவருடைய நாளில். இப்போது அவர் விடியற்காலையில் வண்டியை எடுப்பதில்லை. பொருளைத் துடைத்து, வெள்ளைத் துணியின்மேல் வைத்து, நான்கு புறமும் படம் எடுக்கிறார். உயரத்தை அளக்கிறார், எடையை நிறுக்கிறார், கீறலையும் ஒட்டையும் மறைக்காமல் காட்டுகிறார். மறைத்தால் பொருள் திரும்பி வரும், பெயரும் கெடும். பழைய நாளிதழில் சுற்றிப் பெட்டியில் அடைத்து அஞ்சலகம் செல்கிறார். இரவு பதினொரு மணிக்கும் ‘கடைசி விலை என்ன?’ என்று செய்தி வருகிறது. பணம் கட்டியதாகப் பொய்ச் சீட்டு அனுப்பி ஏமாற்ற முயல்வோரும் உண்டு. கடைக்கு நேரில் வருபவரோ பொருளைக் கையில் எடுத்ததும் தொலைபேசியைப் பார்த்து, கோலாலம்பூரில் இதைவிட மலிவு என்கிறார். முகம் பார்த்து விலை சொல்லும் கலை மறைந்துவிட்டது. எனினும் 2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து கடைகள் மூடப்பட்டன, எல்லையும் அடைபட்டது. கட்டுப்பாடு தளர்ந்து கடையைத் திறந்த பின்னும் சிங்கப்பூர் வாடிக்கையாளர் வர இயலவில்லை. அந்நாட்களில் அவர் வீட்டில் அடுப்பு எரிந்தது இணையத்தால்தான்.

மூன்றாவது மாற்றமே நாம் ஆழ்ந்து எண்ணிப் பார்க்க வேண்டியது. ஒரு முறை அவர் பித்தளைத் தூண்டாமணி விளக்கு ஒன்றின் படத்தை இணையத்தில் இட்டார். அதன் விளிம்பில் ‘உபயம்’ என்ற சொல்லும் ஒரு பெயரும் வெட்டப்பட்டிருந்தன. இரண்டு நாளில் ஓர் அம்மையார் எழுதினார்: ‘இது என் தாத்தாவின் பெயர். தோட்டத்துக் கோவிலுக்கு அவர் கொடுத்த விளக்கு. உங்களிடம் யார் விற்றது?’ வணிகர் தம் 555 புத்தகத்தைப் புரட்டினார். ‘விளக்கு 1, 80 வெள்ளி’ என்று மட்டுமே இருந்தது. விற்றவர் பெயர் இல்லை, நாளும் இல்லை. வெளிநாட்டிலிருந்து ஒருவர் அதற்கு 500 வெள்ளி தருவதாக ஏற்கெனவே சொல்லியிருந்தார்.

‘என்ன செய்யலாம், சார்?’ என்று அவர் எங்களிடம் வந்தார். எங்களாலும் உடனே விடை சொல்ல இயலவில்லை. அது திருட்டுப் பொருள் என்பதற்குச் சான்றில்லை. அவருக்கும் குடும்பம் உண்டு. இறுதியில் தாம் வாங்கிய விலைக்கே அதை அந்த அம்மையாரிடம் கொடுத்தார். அதன் பொருட்டு அன்றிரவு வீட்டில் வாய்ச்சண்டை நடந்ததையும் அவரே மறைக்காமல் சொன்னார்.

பெரிய அளவிலும் இது நடந்துள்ளது. தமிழ்நாட்டின் அரியலூர் மாவட்டத்தில் உள்ள சிறீபுரந்தான் கோவிலின் நடராசர் சிலை திருடப்பட்டு, 2008இல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்திற்குப் பல இலட்சம் டாலருக்கு விற்கப்பட்டது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் முன்பே எடுத்து வைத்திருந்த படம்தான் அச்சிலை எந்தக் கோவிலுடையது என்பதற்குச் சான்றாக நின்றது. இணையத்தின் வழி ஆர்வலர்கள் படங்களை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2014 செப்டம்பரில் சிலை இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டது. அதை விற்ற வணிகர் சுபாஷ் கபூருக்கு 2022இல் கும்பகோணம் நீதிமன்றம் சிறைத் தண்டனை விதித்தது. படம் ஒன்று பத்திரமாக இருந்தமையால் ஓர் ஊரின் சாமி நாடு திரும்பியது.

நம் தோட்டத்துக் கோவில் விளக்குகளுக்கு அத்தகைய படம் யாரிடம் இருக்கிறது? மரபுடைமைகளைக் காக்க நம் நாட்டில் 2005ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டம் உண்டு. ஆனால் லயத்து வீட்டு உருளியைச் சட்டம் தேடி வராது. அதன் வரலாற்றை நாம்தான் எழுத வேண்டும்.

அந்த வணிகர் இப்போது தடித்த குறிப்பேடு ஒன்று வைத்திருக்கிறார். பொருள் எந்தத் தோட்டத்தது, யார் கொடுத்தார், எந்த நாள் என்று எழுதிய பின்னரே பணத்தைக் கொடுக்கிறார். நாங்களும் அதைக் கண்டு பாடம் கற்றோம். எங்கள் பள்ளியில் வரலாறு படிக்கும் பிள்ளைகளிடம், வீட்டிலுள்ள பழைய பொருள் ஒன்றைப் படம் எடுத்து, அதன் கதையைப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வரச் சொல்கிறோம். ஒரு சிறுவன் மங்கு ஒன்றின் படத்தைக் கொண்டுவந்தான். அதில் பால் வடித்தவர் அவனுடைய பூட்டி. அவர் பெயரை அன்றுதான் அவன் அறிந்தான்.

நேயர்களே, பழம்பொருளை விற்பது குற்றமன்று. வறுமையில் விற்றவர்களைப் பழிப்பதும் முறையன்று. ஆயினும் விற்குமுன் ஒரு படம் எடுங்கள். அதன் பின்னால் இருந்த மனிதரின் பெயரை எழுதி வையுங்கள். அதற்கு ஐந்து நிமிடம் போதும். மீண்டும் ஒரு வானொலி உரையில் சந்திப்போம்.