ஓ.பி. சீட்டும் நுகர்வோர் கோர்ட்டும்

புதுக்கோட்டை ராணியார் ஆஸ்பத்திரிக்குப் பிரசவத்துக்குப் போகும் பெண் ‘நுகர்வோரா’? கேட்டா சிரிப்பீங்க. உச்ச நீதிமன்றம் வரைக்கும் போன கேள்வி இது.

1986-ல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதுக்கு முன்னாடி, டாக்டரின் கவனக்குறைவுக்கு நஷ்டஈடு கேட்கணும்னா சிவில் கோர்ட்தான். கேட்கும் தொகைக்கேற்ற கோர்ட் ஃபீஸ், வக்கீல், வருஷக்கணக்கில் வாய்தா. புதுச் சட்டம் மாவட்டத்துக்கு ஒரு மன்றம் கொடுத்தது. நாங்க இதில் வரமாட்டோம் என்றார்கள் டாக்டர்கள். சிகிச்சை என்பது இந்தச் சட்டம் சொல்லும் ‘சேவை’ அல்ல என்று 1994-ல் சென்னை உயர் நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

1995 நவம்பர் 13-ல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. காசு வாங்கிச் செய்யும் சிகிச்சை சேவைதான். இந்திய மருத்துவச் சங்கத்தின் வாதம் எடுபடவில்லை. ஆனால் எல்லாருக்கும் இலவசம் என்று நடக்கும் ஆஸ்பத்திரி சட்டத்துக்கு வெளியே நின்றது. பதிவுக்கு வாங்கும் சில்லறை கணக்கில் சேராது. ‘நாம கட்டுற வரியிலதானே நடக்குது’ என்ற வாதத்தையும் ஏற்கவில்லை. வேடிக்கை என்னன்னா, சிலரிடம் காசு, சிலருக்கு இலவசம் என்று நடத்தும் ஆஸ்பத்திரியில் இலவச நோயாளியும் நுகர்வோர்தான்!

அப்போ ஓ.பி. சீட்டோடு நிற்பவருக்கு? ஹரியானாவில் ஒரு கூலித் தொழிலாளிப் பெண். 1988-ல் அரசு ஆஸ்பத்திரியில் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டார். இனி குழந்தை பிறக்காது என்று சொல்லி அனுப்பினார்கள். பிறந்தது. இரண்டு கருக்குழாய்களில் ஒன்றை மட்டும்தான் அடைத்திருந்தார்கள். ஊழியர் தவறுக்கு அரசு பொறுப்பில்லை என்று அரசு வாதாடியது. 2000-ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்காமல், பிள்ளையை வளர்க்க 54,000 ரூபாய் என்ற கீழ்க்கோர்ட் தீர்ப்பை உறுதிசெய்தது. இலவசம் என்பதால் பொறுப்பு போகாது. சரிதான். ஆனா அவர் நடந்தது பழைய சிவில் கோர்ட் வழி. ஆபரேஷனுக்கும் கடைசித் தீர்ப்புக்கும் நடுவில் 12 வருஷம். காசு கட்டியவருக்குக் குறுக்குவழி, கட்ட முடியாதவருக்குச் சுற்றுவழி என்பது எனக்கு இன்னும் உறுத்துது.

இன்னைக்கும் கிட்டத்தட்ட இதே நிலைமைதான். தனியார் ஆஸ்பத்திரி என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருஷத்துக்குள் மனு போடணும்; 5 லட்சம் வரை கட்டணமில்லை. இலவச அரசு ஆஸ்பத்திரி என்றால் சிவில் கோர்ட், இல்லாட்டி உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட். சிகிச்சை பலிக்கலை என்பது மட்டும் கவனக்குறைவு ஆகாது, அதை நிரூபிக்கணும். அதுக்கு கேஸ் ஷீட் நகல் வேணும். கேட்ட 72 மணி நேரத்துக்குள் டாக்டர் தரணும்னு 2002 மருத்துவக் கவுன்சில் விதி சொல்லுது. வாயால் கேட்காதீங்க, எழுதிக் கொடுத்துக் கேளுங்க.