ஓட்டுபவன் கை தொடாத மணி: மின்வண்டி எச்சரிக்கை ஒலியின் வரலாறு

கிருஷ்ணகிரி மாவட்டத்தில், காவேரிப்பட்டணத்துக்கும் போச்சம்பள்ளிக்கும் இடையே அமைந்த நாகரசம்பட்டியின் வீதியோரத்தில் காலை வேளையில் சற்று நேரம் நின்று செவிகொடுப்போர்க்கு, மாங்காய் லாரியின் உறுமலும், பஸ்ஸின் ஊதலும், மொபெட்டின் படபடப்பும் இன்றும் பழையபடியே கேட்கின்றன. ஆயினும் அவற்றினிடையே, டயரில் மிதிபடும் சரளைக்கல்லின் நொறுநொறுப்பைத் தவிர வேறு அடையாளம் ஏதுமின்றிக் கடந்து செல்லும் வாகனங்கள் சில ஆண்டுகளாகப் பெருகி வருகின்றன. பேட்டரி வண்டி என்பது ஊரார் அவற்றுக்கு இட்ட பெயர். திண்ணையிலிருந்து இறங்கி எதிர்ச் சாரிக்குப் போகும் முதியவர், வண்டி வருகிறதா என்பதைக் கண்ணால் பார்க்குமுன் காதால் அறிந்துகொள்வது வழக்கம். நெடுங்காலமாக அவரைக் காத்துவந்த அந்த வழக்கம் இவ்வண்டிகளின் முன் பயனற்றுப் போகிறது.

மின்சார வாகனங்கள் மெதுவாகச் செல்லும்போது செயற்கையாகவேனும் ஒலியெழுப்ப வேண்டும் என்னும் விதி உலகில் எவ்வாறு தோன்றி வளர்ந்தது என்பதை ஆராயப் புகுகிறது இக்கட்டுரை. அவ்விதியை நூதனமான ஒன்றாகக் கருதுவோர் பலர். மிகப் பழையதொரு வழக்கத்தின் புனருத்தாரணமே அது என்பதும், ஓட்டுபவனுடைய கவனத்தைச் சார்ந்திராமையே அவ்வழக்கத்தின் சாரம் என்பதும் என் துணிபு.

பார வண்டிகள் இரவில் பிரயாணம் செய்த காலத்தில், காளைகளின் கழுத்தில் வெண்கல மணியோ சலங்கைக் கோவையோ கட்டுவதும், வண்டியின் அச்சுக்குக் கீழே அரிக்கேன் விளக்கைத் தொங்கவிடுவதும் நம் நாட்டு வழக்கம். வழி பழகிய மாடுகளை நம்பி வண்டிக்காரன் வைக்கோலின்மேல் கண்ணயர்ந்துவிடுவான், மணி உறங்காது. மாடு நடந்தால் ஒலிக்கும், நின்றால் அடங்கும், விரைந்தால் அதுவும் விரையும். எதிரே வருகிறவன் இருட்டில் வண்டியைக் காணாமலே, அது நெருங்குகிறதா விலகுகிறதா, நடக்கிறதா ஓடுகிறதா என்பதை அவ்வொலியிலிருந்தே உணர்ந்து ஒதுங்கிக்கொள்வான். இரும்புப் பட்டை அடித்த சக்கரம் கற்சாலையில் தானே கடகடக்கும். ரப்பர் டயர் பூட்டிய வண்டி வந்தபின் அக்கடகடப்பு ஓய்ந்துவிட, வண்டியின் வரவை அறிவிக்கும் பொறுப்பு முழுவதும் மாட்டின் கழுத்தில் ஏறிக்கொண்டது. இக்காலத்து மின்சாரக் காரின் நிலைமை அந்த டயர் வண்டியின் நிலைமையே.

மேலைநாட்டில் இவ்விஷயம் வேறு வழியில் சென்றது. இங்கிலாந்தில் 1865-ஆம் ஆண்டுச் சட்டம், சாலையில் தானே இயங்கும் ஊர்திக்கு 60 கஜம் முன்னால் ஒருவன் செங்கொடி ஏந்தி நடக்க வேண்டும் என்று விதித்தது. ஊர்தியின் வேகம் நகருக்குள் மணிக்கு 2 மைலும் வெளியே 4 மைலும் கடத்தலாகாது. 1896-ஆம் ஆண்டுச் சட்டம், இலகுவான ஊர்திகளுக்கு முன்னால் நடப்பவனை நீக்கிவிட்டு, போதிய எச்சரிக்கை தரத்தக்க மணியையோ வேறு கருவியையோ ஊர்தி தாங்கியிருந்தால் போதும் என்றது. கார்ப் பிரியர்கள் அதனைத் தங்கள் விடுதலைச் சாசனமாக லண்டனிலிருந்து பிரைட்டனுக்குப் பழங்கார்களை ஓட்டிச் சென்று இன்றும் கொண்டாடுகின்றனர். பாதசாரியின் பக்கம் நின்று நோக்கினால் அச்சட்டத்தின் பொருள் வேறு: அதுவரை ஓட்டுபவனுக்கு வெளியே இருந்த எச்சரிக்கை அன்றுதான் அவனுடைய கைக்குள் போயிற்று. அவன் விழித்திருந்து, மனமும் வைத்தால்தான் மணி ஒலிக்கும் என்னும் நிலை அப்போது பிறந்தது.

நம் சென்னையில் இந்தியாவின் முதல் மின்சார டிராம் 1895-இல் ஓடத் தொடங்கி, 1953 வரை ஓடியது. மின்சாரத்தால் ஓடிய வண்டியாயினும் அதன் எஃகுச் சக்கரம் தண்டவாளத்தில் உரசிக்கொண்டே வந்தமையாலும், டிரைவர் காலால் மிதித்து மணியடித்தமையாலும், மின்வண்டியின் மௌனம் என்னும் பிரச்சினையை நம் மக்கள் அந்த அரை நூற்றாண்டில் அனுபவிக்க நேரவில்லை. அமெரிக்காவில் அதே காலத்தில் ஓடிய மின்சாரக் கார்களோ, அவற்றின் நிசப்தத்துக்காகவே போற்றப்பட்டன. ஆனால் பெட்ரோல் கார் அவற்றைச் சாலையிலிருந்து விரட்டிவிட்டது.

பெட்ரோல், டீசல் எஞ்சின்களின் ஆதிக்கம் பாதசாரிக்குச் செய்த நன்மை ஒன்று உண்டு. அது எவரும் திட்டமிட்டுச் செய்த நன்மையன்று. எரிபொருள் வெடித்து எழும் சப்தத்தைக் குறைக்கவே பொறியாளர்கள் பாடுபட்டனர். குறையாமல் எஞ்சிய சப்தமே மாட்டின் மணியைப் போல, ஓட்டுபவன் நினைத்தாலும் நினையாவிட்டாலும் வண்டியின் வரவை அறிவித்துக்கொண்டிருந்தது. இந்தச் சரித்திரத்தில் நம் மாவட்டத்து எல்லைப்புறத்துக்குச் சிறப்பான இடமுண்டு. ஓசூரில் 1980-ஆம் ஆண்டில் டி.வி.எஸ். 50 மொபெட் தொழிற்சாலையை விட்டு வெளிவந்தது. அதே ஆண்டில் அசோக் லேலண்டின் ஓசூர்த் தொழிற்சாலையும் தோன்றியது. அதன்பின் ஒரு தலைமுறைக் காலம், கேழ்வரகுக் கொல்லையில் களையெடுப்பவர் தலைநிமிராமலே, பாதையில் போவது இன்னாருடைய மொபெட் என்று சொல்லத்தக்க அளவுக்கு அவ்வொலி கிராம வாழ்வில் கலந்துவிட்டது.

1997 டிசம்பரில் ஜப்பானில் டொயோட்டா நிறுவனம் பிரியஸ் என்னும் கலப்பினக் காரை வெளியிட்டபோது, குறைந்த வேகத்தில் மின்மோட்டாரால் மட்டுமே ஓடக்கூடிய கார் மீண்டும் பெருவாரியாகத் தெருவுக்கு வந்தது. அதனால் வந்த அபாயத்தை முதலில் எடுத்துரைத்தவர்கள் பார்வையற்றோரே. அமெரிக்காவில் பார்வையற்றோரின் தேசியக் கூட்டமைப்பு இதற்காகப் பல ஆண்டுகள் போராடியது. நாற்சந்தியில் நின்று, எஞ்சின் ஒலியைக் கொண்டே வண்டிகளின் போக்கைக் கணித்துக் குறுக்கே நடப்பது அவர்கள் பயின்ற வித்தை. அவ்வித்தையின் ஆதாரமே இல்லாமற் போவதை மற்றவர்களுக்குமுன் அவர்கள் உணர்ந்தது இயல்பு. 2009-இல் அந்நாட்டுச் சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் 12 மாநிலங்களின் விபத்துப் பதிவுகளை ஆராய்ந்து, பின்னோக்கி வருதல், நிறுத்துமுன் மெதுவாதல் போன்ற நிதானமான இயக்கங்களில், கலப்பினக் கார்கள் பாதசாரியை மோதும் வாய்ப்பு ஏனைய கார்களைக் காட்டிலும் ஏறக்குறைய இருமடங்கு என்று கண்டது. பார்வையற்றோர் அனுபவத்தால் சொன்னதை எண்கள் மெய்ப்பித்தன.

அதன்பின் காரியங்கள் விரைந்தன. ஜப்பான் அரசு 2010 ஜனவரியில் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. அவ்வாண்டு டிசம்பரில் விற்பனைக்கு வந்த நிசான் லீஃப் காரில் பாதசாரிகளுக்கான ஒலிக்கருவி பொருத்தப்பட்டிருந்தது. அமெரிக்காவில் பாதசாரிப் பாதுகாப்புச் சட்டம் 2011 ஜனவரியில் ஜனாதிபதி ஒபாமாவின் கையொப்பம் பெற்றது. ஐரோப்பிய ஒன்றியம் 2014-இல் இயற்றிய சட்டத்தின்படி, 2019 ஜூலை 1 முதல் புதிய மாதிரிகளுக்கும், 2021 ஜூலை 1 முதல் எல்லாப் புதிய மின்சாரக் கார்களுக்கும் ஒலிக்கருவி கட்டாயமாயிற்று. இவற்றினிடையே 2016 அக்டோபரில் அமலுக்கு வந்த ஐக்கிய நாடுகளின் 138-ஆம் எண் ஒழுங்குவிதியே இத்துறையின் மூலநூல் எனத் தக்கது.

அவ்விதியின் உள்ளடக்கம் ஊன்றிப் படிக்கத்தக்கது. வண்டி புறப்பட்டதிலிருந்து மணிக்கு 20 கிலோமீட்டர் வேகம் வரையிலும், பின்னோக்கி வரும்போதும் ஒலி எழவேண்டும். அதற்கு மேற்பட்ட வேகத்தில் டயரும் காற்றும் எழுப்பும் சப்தமே போதும் என்பது கருத்து. 2 மீட்டர் தூரத்தில் அளந்தால், 10 கிலோமீட்டர் வேகத்தில் 50 டெசிபெலும், 20 கிலோமீட்டர் வேகத்தில் 56 டெசிபெலும், பின்னோட்டத்தில் 47 டெசிபெலும் குறையாதிருத்தல் வேண்டும். 75 டெசிபெலை மிஞ்சவும் கூடாது. முதுமையில் கீச்சொலிகள் செவிக்கு எட்டாமற் போகும். ஆதலால், ஒலியின் ஒரு பகுதியேனும் 1,600 ஹெர்ட்ஸ் பட்டைக்குள்ளோ அதற்குக் கீழோ அமைய வேண்டும் என்றது விதி. வேகம் மாறுவதற்கேற்ப, ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சராசரியாக 0.8 சதவீதமேனும் சுருதி மாறவேண்டும் என்றும் கூறிற்று. மாடு விரைந்தால் விரைந்தும், தளர்ந்தால் தளர்ந்தும் ஒலித்த மணியின் தர்மத்தையே இவ்வாக்கியம் கணக்கின் பாஷையில் எழுதிவைத்திருக்கிறது.

இவ்விதியின் முதல் வடிவம், ஒலியைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கும் விசையை ஓட்டுபவனுக்கு அனுமதித்திருந்தது. அடுத்த திருத்தத்திலேயே அவ்வனுமதி பறிக்கப்பட்டது. வரலாறு முழுவதிலும் மிக முக்கியமான அடி இதுவென்று நான் கருதுகிறேன். 1896-இல் ஓட்டுபவன் கைக்குச் சென்ற எச்சரிக்கை, ஒரு நூற்றாண்டுக்கு மேல் கழிந்து, அவன் கையிலிருந்து மீட்கப்பட்டது.

இந்தியாவில் சேத்தன் மைனி உருவாக்கிய ரேவா என்னும் சிறு மின்சாரக் கார், ஓசூர்ச் சாலையை ஒட்டிய பொம்மசந்திராவிலிருந்து 2001-லேயே விற்பனைக்கு வந்து, லண்டன் வீதிகளிலும் ஓடியது. அக்காலத்தில் இவ்விதிகள் எங்கும் இல்லை. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2025 செப்டம்பரில் வெளியிட்ட வரைவு அறிவிக்கை, ஏ.ஐ.எஸ். 173 என்னும் தரநிர்ணயத்துக்கு இணங்கிய ஒலிக்கருவியை, 2026 அக்டோபர் 1 முதல் புதிய மாதிரிகளிலும், 2027 அக்டோபர் 1 முதல் ஏற்கெனவே உற்பத்தியிலுள்ள மாதிரிகளிலும் பொருத்த வேண்டும் என்கிறது. வரவேற்கத்தக்கதே, ஆனால் அது எம், என் பிரிவுகளை, அதாவது கார், பஸ், லாரிகளை மட்டுமே குறிக்கிறது. இருசக்கர, மூன்றுசக்கர வண்டிகள் அடங்கிய எல் பிரிவு அதில் இடம்பெறவில்லை. ஐரோப்பிய, அமெரிக்க விதிகளும் இருசக்கர வண்டிகளை விட்டுவிட்டன என்பது மெய். அந்நாடுகளின் தெருக்களில் அவை சிறுபான்மை. நம் தெருக்களில் அவையே பெரும்பான்மை.

நம் மாவட்டத்துக்கோ இவ்விடுபாடு இரட்டிப்பாகப் பொருந்துகிறது. 2020 ஜனவரியில் மின்சார ஸ்கூட்டரை வெளியிட்ட டி.வி.எஸ். நிறுவனமும், ஏத்தர் நிறுவனமும் ஓசூரில் இயங்குகின்றன. 2020 டிசம்பரில் தமிழக அரசுடன் ஒப்பந்தம் செய்துகொண்ட ஓலா நிறுவனம் போச்சம்பள்ளி வட்டாரத்தில் 500 ஏக்கரில் தொழிற்சாலை எழுப்பியது. எஞ்சின் ஒலியை நம் கிராமங்களுக்குப் பழக்கிய பூமியே இன்று ஒலியற்ற வண்டியையும் வார்த்தளிக்கிறது. இன்னொன்றும் கவனிக்கத்தக்கது: மோட்டார் சக்தி 250 வாட்டுக்கும் வேகம் 25 கிலோமீட்டருக்கும் குறைந்த வண்டிகளை நம் விதிகள் மோட்டார் வாகனமாகவே கொள்வதில்லை, பதிவும் லைசென்ஸும் அவற்றுக்கு வேண்டா. டயரின் ஒலி செவிக்கு எட்டாத வேகத்திலேயே பெரும்பாலும் ஓடுகிற வண்டி, எந்த எச்சரிக்கை விதிக்கும் உட்படாமல் நிற்கிறது.

ஏற்கெனவே இரைச்சல் மிகுந்த நாட்டில் இன்னும் ஒரு சப்தமா என்று கேட்பாருக்கு நியாயம் இல்லாமலில்லை. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபெல் என்று நம் 2000-ஆம் ஆண்டு விதிகள் வகுத்த வரம்பு எத்தனை தெருக்களில் காக்கப்படுகிறது? எனினும் நம் இரைச்சலில் பெரும்பங்கு ஹாரனுடையது. ஹாரன் கேட்பவனைத் திடுக்கிடச் செய்து விலக்குவது. இங்கே வேண்டப்படுவதோ இருவர் சாவதானமாகப் பேசிக்கொள்ளும் குரலளவு ஒலி. அதுவும் 20 கிலோமீட்டர் வேகத்துக்குள் மட்டும்.

ஆகவே, இருசக்கர, மூன்றுசக்கர மின்வண்டிகளையும் இவ்விதிக்குள் கொணருமாறு மத்திய அமைச்சகத்தையும், விதி வரும்வரை காத்திராமல், ஓட்டுபவன் அணைக்க முடியாததொரு மெல்லிய ஒலியைத் தங்கள் வண்டிகளில் தாமே பொருத்துமாறு ஓசூர், போச்சம்பள்ளி உற்பத்தியாளர்களையும், அந்த ஒலியைத் தீர்மானிக்குமுன் நம் மாவட்டத்துப் பார்வையற்றோரை அழைத்துக் கேட்குமாறு இருதரப்பாரையும் வேண்டிக்கொள்கிறேன்.